மண்டபத்துக்குப் பதிலாக ஒரு மலையிடுக்கு

என் மனைவிக்கு முதுகு வலி வந்திராவிட்டால் நாங்கள் அந்தப் பாலைவனத்துக்குப் போயிருக்கவே மாட்டோம்.

அவள் பான் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி, திருப்பி, உட்காரவைத்து, பல வருடங்களில் அவளுடைய இடுப்பு கெட்டுப்போயிற்று. மாத்திரை, ஊசி, சூட்டு ஒத்தடம் எல்லாம் முடிந்த பிறகு, எலும்பு வைத்தியர் ஒருவர் அவளைச் சுவரேறும் பயிற்சிக்குப் போகச் சொன்னார். ஜேர்மனியில் முதுகு வலிக்கு அப்படியும் ஒரு வைத்தியம் இருக்கிறது. கொலோனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை ஏறுகூடமாக மாற்றியிருந்தார்கள். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே அங்கே போவாள். விரல் இடுக்குகளில் வெள்ளைப் பொடியோடு வீட்டுக்கு வருவாள். நான் ஏதோ பாயில் படுத்துக் காலைத் தூக்கி இறக்குகிற பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பெருமழை. நான் கொலோனில் ட்ராம் ஓட்டுகிறேன். அன்றைக்கு என் முறை மத்தியானத்தோடு முடிந்திருந்தது. அவளிடம் குடை இல்லை என்று தெரிந்து, ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனேன். பாய்கள் விரித்த பக்கம் பார்த்தேன். இரண்டு பேர் படுத்துக் கிடந்தார்கள், அவள் இல்லை. வரவேற்பில் நின்ற பெண்ணிடம் கேட்டபோது, அவள் விரலை மேலே நீட்டினாள்.

கூரைக்குக் கிட்ட, மஞ்சள் நிறக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு என் மனைவி தொங்கினாள். அவள் கடைசிக் கட்டையைத் தட்டினாள், பின்பக்கம் சாய்ந்தாள், இரண்டு கைகளையும் விட்டாள். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் அவளை மெல்ல மெல்ல இறக்கினான். நாற்காலியில் இருந்தபடி வருகிறவளைப்போல வந்து தரையில் நின்றாள்.

"என்னப்பா, குடை கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

எனக்கு உயரம் என்றால் ஆகாது. நாங்கள் இருப்பது நாலாம் மாடி. பல்கனியில் உடுப்புக் காயப்போடுவது எப்போதும் அவள்தான். பதினாலு வயதில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கி, ஒரு சொல் ஜேர்மன் தெரியாமல் மேற்கு பெர்லினுக்கு ரயிலேறியவன் நான். அப்போதுகூட இவ்வளவு பயந்ததாக ஞாபகமில்லை. அவள் தொங்கியதைப் பார்த்த அன்றைக்கு, கொண்டுபோன குடையை விரிக்காமலே பாதி வழி நடந்திருக்கிறேன்.

அந்த வருடம் எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைவாகவிருந்தது. அவளுடைய மூத்த தமையன் கொலோனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிறவர். எங்களைக் கேட்காமலே திட்டம் போட்டுவிட்டார். பெரிய மண்டபம், மூன்றடுக்குக் கேக், நாங்கள் பல்லக்கில் வந்து இறங்குவதை மேலே பறந்து படம் பிடிக்க ஒரு ட்ரோன். பல்லக்கைத் தூக்குவதற்கு ஆட்களைக்கூடப் பார்த்துவிட்டார். எனக்கு அதில் பெரிய விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. எங்கள் சனம் எல்லாம் செய்வதுதானே என்று இருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அவள் கோப்பைகளை எடுக்காமல் அப்படியே இருந்தாள். தனக்கு ஒரு ஆசை இருக்கிறது என்றாள். சொல்லும் என்றேன். ஒரு சங்கிலியாக இருக்கும், அல்லது இந்தியாவுக்கு ஒரு கோயில் சுற்றுலாவாக இருக்கும் என்று மனதுக்குள் ஊகித்தேன். அவள் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சிவப்பாக இரண்டு சுவர்கள். நடுவே கோடு கிழித்ததுபோல் ஒரு வெளிச்சம். அடியில் எறும்பளவில் ஒரு ஆள்.

"இதென்ன, வெடிப்போ?"

"வெடிப்பில்லையப்பா. மலை. இதுக்குள்ளாலை நாலு நாள் இறங்கிப் போறது."

"ஆர் போறது?"

"நாங்கள்."

அவள் பொறுமையாக விளக்கினாள். ஜோர்தானில் ஒரு மேட்டு நிலம். அதிலிருந்து கீழே தாழ்ந்த பள்ளத்தாக்குக்கு, மழைக்காலத் தண்ணீர் மணற்பாறையை அறுத்து அறுத்து வழி உண்டாக்கியிருக்கிறது. சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் முட்டும். நடக்க முடிந்த இடத்தில் நடந்து, பாறை செங்குத்தாக விழும் இடத்தில் கயிற்றில் இறங்கிப் போகவேண்டும். உள்ளே வீடில்லை, பாதையில்லை, தொலைபேசி வேலை செய்யாது. ஏறுகூடத்து அறிவிப்புப் பலகையில் இதைப் பார்த்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு போகிறவர் ஒரு ஜோர்தான்காரர். ஆகன் நகரில் பொறியியல் படித்து அங்கேயே வேலை பார்க்கிறவர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஊர்லாப், அதாவது விடுமுறை, எடுத்துக்கொண்டு நாலைந்து பேரைத் தன் நாட்டு மலைக்குள் கூட்டிப்போவார். அவருடன் ஏற்கெனவே பேசிவிட்டாளாம்.

நான் நேரடியாக மறுக்கவில்லை. அவளுடைய தமையன் எப்படியும் இதை விடமாட்டார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவரும் என்னை ஏமாற்றவில்லை. செய்தி கேட்டதும் வேகமாக வந்தார். சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வது, அங்கே போய் விழுந்தால் யார் பொறுப்பு, இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று வரிசையாகக் கேட்டார். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, இருவத்தஞ்சு வருசமா எல்லாற்றை மண்டபத்துக்கும் நான் வந்து, சிரிச்சு, நிண்டு படம் எடுத்தனான்" என்றாள். "இந்த ஒரு முறை என்னை என்ரை பாட்டிலை விடுங்கோ."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் கடைசி நம்பிக்கையும் அவரோடு படியிறங்கிப் போயிற்று.

போவதற்கு முன் கயிற்றில் இறங்கப் பழகவேண்டும். ஐஃபல் மலைப்பக்கம் செம்மணற்பாறைகள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை வழிகாட்டி எங்களை அங்கே வரச்சொன்னார். மெலிந்த மனிதர், நரைத்த தாடி, ஆகன்காரரின் ஜேர்மன் பேசினார். எதையும் இரண்டு முறை சொல்லமாட்டார், ஆனால் நீங்கள் விளங்கிக்கொள்ளும் வரை காத்திருப்பார். இடுப்பில் பட்டியைக் கட்டி, கயிற்றை மாட்டி, பாறையின் விளிம்பில் என்னைப் பின்புறமாக நிறுத்தினார். சாய்ந்து உட்காருங்கள், அவ்வளவுதான் என்றார்.

என் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தால் இன்னும் வேகமாக ஆடியது. பாறை ஏறுகிற ஜேர்மன்காரர் இதைத் 'தையல் மெஷின்' என்று சொல்வார்களாம். எல்லோருக்கும் வருகிறதுதான் என்று வழிகாட்டி ஆறுதல் சொன்னார். அதை மேலே நின்று கேட்ட என் மனைவி, வீட்டில் ஒரு தையல் மெஷின் இல்லாத குறை இன்றோடு தீர்ந்தது என்றாள். எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சாய்ந்தேன். கயிறு பிடித்தது. கீழே வந்து சேர்ந்தபோது முழங்கை உரஞ்சி இரத்தம் கசிந்தது. அன்றைக்கு இன்னும் நாலு தரம் இறங்கினேன். நாலாம் தரம் கண்ணைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

ஏப்ரல் மாதம் போனோம். எங்களோடு வந்தது இன்னும் ஒரே ஒருவர், லைப்சிக் நகரத்துத் தீயணைப்புப் படையில் வேலை செய்யும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட ஒரு தலை உயரம், அதிகம் பேசமாட்டார். ஆக மொத்தம் நாலு பேர். மேட்டு நிலத்தில் ஒரு ஊரில் இரவு தங்கி, காலையில் ஒரு பழைய பிக்கப்பில் ஏறி, ஆடுகள் மேயும் ஒரு வெட்டவெளியில் இறங்கினோம். வழிகாட்டி காட்டிய இடத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். அதற்குள் ஆட்டுப் புழுக்கை. இதுதானா என்று எனக்குப் பெரிய நிம்மதி. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஏமாற்றம் ஒன்றும் தெரியவில்லை, வாய்க்காலுக்குள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கங்கள் தோளுயரம் வந்தன. பிறகு தலைக்கு மேலே போயின. ஒரு வளைவு திரும்பியதும் வெயில் இல்லை. இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், அதில் வெள்ளையும் ஊதாவும் மஞ்சளுமாக அலை அலையாகக் கோடுகள். சுவரைத் தொட்டால் சட்டையில் மணல் ஒட்டியது. எங்கள் பேச்சு எங்களுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டதால், நாங்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

முதல் இறக்கம் எங்கள் கொலோன் வீட்டின் உயரம்கூட இல்லை. மனைவி முதலில் போனாள், பிறகு தீயணைப்புக்காரி, பிறகு நான். வழிகாட்டி கடைசியாக வந்து, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். கயிறு மேலே வளையத்துக்குள்ளால் ஓடி, சரசரவென்று எங்கள் காலடியில் வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே போக இனி வழியில்லை. கயிறு நம்மோடு வருகிறது, நாம் கீழே போகத்தான் முடியும். அவர் அதைச் சுருட்டிக்கொண்டே மெல்லச் சீட்டியடித்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

மத்தியானம் அளவில் சுவர்கள் இன்னும் நெருங்கின. பக்கவாட்டில் திரும்பி, பையைக் கையில் இழுத்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் பாதியில் நின்றுவிட்டேன். நெஞ்சு போய்விட்டது, வயிறு வரவில்லை. முன்னாலும் ஏலாது, பின்னாலும் ஏலாது. பாறை முதுகில் குளிர்ந்தது, வயிற்றில் உரஞ்சியது. வேர்த்துக் கொட்டியது.

தீயணைப்புக்காரி திரும்பி வந்தார். என் கையைப் பிடித்தார். இதைவிட அகலமான இடத்திலிருந்து என்னைவிட மெலிந்த ஆண்களைத் தான் இழுத்து எடுத்திருப்பதாகவும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும், மூச்சு முழுவதையும் வெளியே விடவேண்டும் என்றும் மிகவும் அமைதியாகச் சொன்னார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவருக்குப் பின்னால் என் மனைவியின் தலை தெரிந்தது.

"இஞ்சரப்பா, பத்து வருசமா நான் சொன்னனான், இரவிலை சோத்தைக் குறையுங்கோ எண்டு" என்றாள். "இப்ப மலையும் சொல்லுது."

சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்படியே மணலில் குந்திவிட்டாள். அவள் சிரிப்பு சுவர்களில் ஏறி மேலே போய்த் திரும்பி வந்தது. நானும் சிரிக்கத் தொடங்கினேன். அந்தச் சிரிப்பில் மூச்செல்லாம் வெளியேறியது. தீயணைப்புக்காரி ஒரே இழுப்பு. நான் சட்டைப் பொத்தான் இரண்டைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் விழுந்தேன்.

அன்று பின்னேரம் சுவர்கள் கொஞ்சம் விலகி, வெள்ளை மணல் திட்டு ஒன்று கிடந்தது. வழிகாட்டி காய்ந்த சுள்ளிகளை எரித்து, தணலும் சாம்பலுமாக மூடி, மாவை அதற்குள் வைத்து ரொட்டி சுட்டார். தட்டித் தட்டிச் சாம்பலை உதிர்த்துப் பிய்த்துத் தந்தார். என் மனைவி தன் பையிலிருந்து பருத்தித்துறை வடையை, மொறுமொறுவென்ற அந்தத் தட்டை வடையை, எடுத்தாள். கனமில்லை, கெடாது, மலைக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது என்று கொலோனிலேயே முடிவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தீயணைப்புக்காரி ஒன்றைக் கடித்துவிட்டு, உறைப்பில் கண் கலங்க, இன்னொன்று கேட்டார்.

இரண்டாம் நாள் காலையில் தண்ணீர் தொடங்கியது. முதலில் மணலில் ஈரம், பிறகு ஒரு நூல், பிறகு கணுக்கால் நனையும் அளவுக்கு ஒரு ஓட்டம். தண்ணீர் வந்ததும் பச்சையும் வந்தது. சுவரின் பாதி உயரத்தில், வெடிப்புகளில் வேர்விட்டு, குட்டைப் பேரீச்ச மரங்கள் தலைகீழாகத் தொங்கின. விரல் நகத்தளவு தவளைகள் எங்கள் சப்பாத்துக்கு முன்னால் பாய்ந்து பாய்ந்து போயின. மனைவி ஒவ்வொரு தவளைக்கும் வழிவிட்டு நடந்தாள். அவள் இவ்வளவு மெல்ல நடந்து நான் கண்டதில்லை. வேலைக்கு ஓடும்போதும் கடைக்கு ஓடும்போதும் அவளுடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் வழிகாட்டி அடிக்கடி மேலே பார்த்தார். எங்களுக்குத் தெரிந்தது ஒரு கீற்று நீல வானம்தான். அதில் ஒரு ஓரம் பழுப்பாக மாறியிருந்தது. அவரிடம் செய்மதியோடு பேசும் ஒரு சிறிய கருவி இருந்தது. அதை ஒரு திறந்த இடத்தில் வைத்துக் காத்திருந்தார். செய்தி வந்ததும், மேட்டு நிலத்தில் எதிர்பாராமல் மழை பெய்கிறது, இன்றைக்கு இதற்குமேல் நடை இல்லை என்றார். பக்கச் சுவரில் படிபடியாக ஏறக்கூடிய ஒரு இடத்தைக் காட்டி, ஒரு சொல் கூடுதலாகப் பேசாமல் எங்களை மேலே ஏற்றினார். மூன்று நாலு ஆள் உயரத்துக்கு மேலே அகலமான ஒரு பாறைத் தட்டு இருந்தது. அங்கே கரி படிந்த பழைய அடுப்புக் கற்கள் இருந்தன. ஆட்டு இடையர்கள் மழைக்கு ஒதுங்கும் இடமாம்.

நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளி மழை இல்லை. வெயில்கூட அடித்தது. வழிகாட்டி தேத்தண்ணி போட்டார். நேரம் போயிற்று. எனக்கு எரிச்சல் வந்தது. சும்மா ஏன் எங்களை மேலே ஏற்றி வைத்திருக்கிறார் என்று தமிழில் முணுமுணுத்தேன்.

அப்போது காற்று வந்தது. கொலோனில் சுரங்க நிலையத்தில் நின்றால், ட்ராம் வருவதற்கு முன்னால் அது தள்ளிக்கொண்டு வரும் காற்று முகத்தில் அடிக்கும். அதே காற்று. கூடவே நனைந்த சேற்றின் மணம். வழிகாட்டி கோப்பையைக் கீழே வைத்தார். தூரத்தில் கற்கள் உருளும் சத்தம், பிறகு எல்லாச் சத்தமும் ஒன்றாகி ஒரே இரைச்சல். நாங்கள் அரைமணிக்கு முன் நடந்து வந்த வளைவைத் திரும்பி, நுரையும் சுள்ளியும் முன்னே வர, பழுப்புத் தண்ணீர் பாய்ந்து வந்தது. கணுக்காலளவு ஓடிய இடத்தில் ஆள் உயரம், பிறகு அதற்கும் மேல். ஒரு முழு மரம் போயிற்று. ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை, யாரோ எழும்பிப் போனதுபோல், நிமிர்ந்தபடியே மிதந்து போயிற்று. பாறை எங்கள் காலின் கீழ் மெல்ல அதிர்ந்தது.

நாங்கள் தட்டின் உள்பக்கம் முதுகை வைத்துக்கொண்டு பார்த்தோம். நான் பயப்பட்டிருக்கவேண்டும். ஆனால் இடம் உயரமாகவும் காய்ந்தும் இருந்தது, வழிகாட்டியின் முகத்தில் கலக்கம் இல்லை. பயம் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன வயதில் மழை பார்த்த மாதிரி ஒரு சந்தோசம்தான் இருந்தது. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சுவரின் ஒவ்வொரு வளைவிலும் அது முட்டி, சுழன்று, அடுத்த வளைவுக்குப் பாய்ந்தது. அந்த அலை அலையான சுவரை யார் செய்தார்கள் என்று அப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

மனைவி என் கையைப் பிடித்திருந்தாள்.

"இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமே?" என்று காதுக்குள் கேட்டாள்.

நான் யோசித்தேன். மலைக்குள் வந்த பிறகு திகதி மறந்துபோயிருந்தது. எங்கள் கலியாண நாள் அது.

"இப்ப மண்டபத்திலை பல்லக்கு வந்திருக்கும்" என்றாள்.

தண்ணீர் தணியத் தொடங்கியதும் அவள் பையின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். பயற்றம் பணியாரம், எங்கள் ஊர் இனிப்பு. இந்த நாளுக்கென்று செய்து, என்னிடம்கூடச் சொல்லாமல் கொண்டுவந்திருக்கிறாள். சில உடைந்துபோயிருந்தன. விசயம் தெரிந்ததும் தீயணைப்புக்காரி எழுந்து நின்று எங்கள் இரண்டு பேருக்கும் கைகொடுத்தார். வழிகாட்டி தேத்தண்ணியில் இரண்டு மடங்கு சீனி போட்டார். தங்கள் ஊரில் கலியாணத்துக்குப் பாடுவது என்று சொல்லி ஒரு பாட்டையும் பாடினார். குரல் அவ்வளவு நன்றாக இல்லை. மலை அதைக் கொஞ்சம் திருத்திக் கொடுத்தது.

அடுத்த நாள் காலை தண்ணீர் பெரும்பாலும் வடிந்துவிட்டது. சுவரில் அதன் சேற்றுக்கோடு எங்கள் தலைக்கு மேலே இருந்தது. வழிகாட்டி தனியாக இறங்கிப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். வானம் சுத்தம், கருவியில் வந்த செய்தியும் நல்ல செய்தி, ஆபத்து இல்லை என்றார். ஆனால் வெள்ளம் மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. நடக்கவேண்டிய இடங்களெல்லாம் இப்போது குளம், பல இடத்தில் நிலம் எட்டாது. நீந்தித்தான் போகவேண்டும். வேண்டாமென்றால் இந்தத் தட்டிலிருந்து ஒரு ஆட்டுப் பாதை மேலே ஏறுகிறது. அதால் போனால் பின்னேரத்துக்கு முன் வண்டிப் பாதைக்குப் போய்விடலாம். எதுவென்று நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார்.

தீயணைப்புக்காரி கீழே போகலாம் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏலாதெண்டால் ஏறிப் போவம். எனக்கு இவ்வளவும் காணும்."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. வேகமாகச் சொன்னாள், என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. அவளுக்கு நீந்த வராது. கொஞ்சம் கைகால் அடிப்பாள், அவ்வளவுதான். முழங்காலளவு தண்ணீர்தான் என்று வழிகாட்டி சொன்ன பிறகுதான் இந்தப் பயணத்தை முடிவு செய்திருந்தாள். நானோ எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அவளோடு சேர்ந்து நகரசபை நீச்சல் குளத்தில் பழகியவன். மகள் ஒரு கோடையில் பழகினாள், எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஆனாலும் பழகினேன்.

ஆட்டுப் பாதையைப் பார்த்தேன். ஒரு அடி அகலம், பக்கத்தில் ஒன்றுமில்லை. கீழே பார்த்தேன். வெள்ளம் விட்டுப்போன குளம் ஒன்று அசையாமல், பாலூற்றிய தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. முழுத் தைரியத்தில் முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். பாதி காரணம் அந்தப் பாதை. மறுபாதி, முந்தின நாள் பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணீருக்குள் இறங்கவேண்டும்போல் இருந்தது.

"இறங்குவம்" என்றேன்.

"எனக்குத் தண்ணி சரிவராதப்பா. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். நான் முன்னாலை போறன். என்ரை தோளைப் பிடியும், காலை மட்டும் அடியும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

எங்கள் பைகளுக்குள் எல்லாம் நீர் புகாத உறைகளில் இருந்ததால் அவை மிதந்தன. வழிகாட்டி ஒரு பையை அவள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். நான் முதலில் இறங்கினேன். குளிர் என்றால் அப்படிக் குளிர். மூச்சு நின்று பிறகு வந்தது. அவள் கரையில் ஒரு கணம் நின்றாள், கண்ணை மூடினாள், உள்ளே வந்தாள். இரண்டு கைகளாலும் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். விரல் பட்ட இடம் அடுத்த நாளும் நீலமாக இருந்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒரு கீற்று வானத்துக்குக் கீழே, நான் என் மனைவியை இழுத்துக்கொண்டு நீந்தினேன். நடுவில் அவள் ஏதோ சொன்னாள். பயத்தில் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். கவனித்துக் கேட்டால், ஒன்று இரண்டு என்று தன் கால் அடிகளை ஜேர்மனில் எண்ணிக்கொண்டு வருகிறாள்.

முதல் குளத்துக்கு அப்படிப் பிடித்தவள் மூன்றாம் குளத்தில் ஒரு கையை விட்டாள். அதற்கடுத்ததில் பையை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு தானே உதைத்து வந்தாள். என்னை முந்திப் போகவும் பார்த்தாள். ஒரு இடத்தில் வெள்ளம் சேற்றை வழித்துப் பாறையைச் சறுக்குமரம்போல் ஆக்கிவைத்திருந்தது. தீயணைப்புக்காரி அதில் உட்கார்ந்து வழுக்கிப்போய்க் குளத்துக்குள் விழுந்தார். நாங்களும் விழுந்தோம். வழிகாட்டி பிறகு வந்து, வேறு வழியும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவரும் அதிலேயே வழுக்கி வந்தார். எல்லோரும் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம். யார் தமிழ், யார் ஜேர்மன், யார் அரபு என்று சொல்ல முடியாது.

கடைசிப் பெரிய இறக்கம் அன்று பின்னேரம் வந்தது. ஒரு சிறிய அருவி, அதற்குப் பக்கத்தில் கயிறு. பாதி உயரத்தில் பாறை உள்ளே ஒதுங்கிவிடுவதால், கால் எதிலும் படாமல் வெறும் கயிற்றில் தொங்கவேண்டும். விளிம்பில் நின்றபோது என் காலைப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டுச் சாய்ந்தேன். பாறை விலகியது. நான் மெல்லச் சுழன்றேன். அருவி ஒரு பக்கம், சிவப்புச் சுவர் ஒரு பக்கம், கீழே இரண்டு பேருடைய முகம், மறுபடி அருவி. அப்படி ஒரு சுற்றில் நான் கத்தினேன். பயத்தில் இல்லை. ஏன் என்று தெரியாமல், நிறுத்தவும் மனமில்லாமல், கீழே வந்து சேரும் வரை கத்தினேன். மனைவி கயிற்றை என்னிலிருந்து கழற்றிவிட்டாள். குளிரில் அவள் பல் அடித்தது.

"இன்னொருக்கால் போகேலாதோ?" என்று வழிகாட்டியும் இறங்கி வந்த பிறகு கேட்டேன்.

கயிற்றை இழுத்தாயிற்று, ஏலாது என்றாள்.

நாலாம் நாள் காலையில் சுவர்கள் தாழத் தொடங்கின. முதலில் வெயில் தோளில் விழுந்தது, பிறகு முழங்காலில். ஒரு திருப்பத்தில் இரண்டு பக்கமும் மலை முடிந்துபோய், முன்னால் தட்டையாக, பெரிதாக, வெளி விரிந்தது. அவ்வளவு வானத்தைப் பார்க்கக் கண் கூசியது. நாங்கள் கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றோம். வெளியே போக ஒருவருக்கும் அவசரமில்லை.

பிக்கப் வரவேண்டிய இடத்துக்குக் கிட்ட தக்காளித் தோட்டம் ஒன்று இருந்தது. ஆண்களும் பெண்களுமாகப் பறித்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சேறு காய்ந்து வெடித்த எங்கள் நாலு பேரையும் பார்த்ததும் வேலை நின்றுவிட்டது. வழிகாட்டி அரபியில் ஏதோ சொன்னார். ஒரு பெண் கையால் மலையைக் காட்டி, பிறகு என் மனைவியைக் காட்டி, ஏதோ கேட்டாள். இவளும் இறங்கியா வந்தாள் என்று கேட்கிறாள் என வழிகாட்டி சொன்னார். மனைவி மொழி தெரியாமலே ஓம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண் ஒரு முழுப் பெட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள்.

கழுவத் தண்ணீர் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தோம். வெயிலில் கிடந்த தக்காளிகள் கையில் சூடாக இருந்தன. வழிகாட்டி தன் முதுகுப் பைக்குள்ளிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மனைவி ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, துடைத்ததால் இன்னும் அழுக்காக்கி, கடித்தாள். சாறு தாடையால் ஓடி, கழுத்துச் சேற்றில் ஒரு சிவப்புக் கோடு போட்டது. அவளுடைய கைத்தொலைபேசிக்குச் சிக்னல் வந்து, நாலு நாள் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து அடித்துக்கொண்டிருந்தன. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த மணலைக் கொட்டி, வெறுங்காலை வெயிலில் நீட்டிக்கொண்டாள்.

"உப்பை இஞ்சாலை தள்ளுங்கோ" என்றாள்.

தள்ளினேன். பிக்கப் வருவதற்குள் நாங்கள் நாலு பேரும் பெட்டியில் பாதியை முடித்திருந்தோம்.